மாதிரி அறிக்கையில் கையெழுத்திடும் முன்: குடிநீர், மழைநீர் வடிகால் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

குடிநீர் விநியோகத் திட்டங்களையும் மழைநீர் வடிகால் திட்டங்களையும் பரிசீலித்து ஒப்புதல் தரும் தலைமைப் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் நகர நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு பெரிய குழாய்த் திட்டத்தோடும் இப்போது ஒரு கணினி மாதிரி அறிக்கையும் (குழாய்களில் நீர் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்ட அறிக்கை) சேர்ந்தே வருகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்த வரைபடம், குழாய்கள் சேரும் ஒவ்வொரு சந்திப்பிலும் அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு தசம இடம் வரை அச்சிட்ட அட்டவணை, 'வடிவமைப்பு நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறுகின்றன' என்று முடியும் ஒரு பத்தி. அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் தரப்பில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் நான். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கையெழுத்திடும் முன், 'இந்த மாதிரியைக் களத்தில் எடுத்த எந்த அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பரிசீலனைக் கூட்டங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது 'எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு' என்பதுதான். அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. குழாய் வலையமைப்பில் நீர் எப்படிப் பிரிந்து ஓடும் என்ற கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 1936இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹார்டி கிராஸ், வலையமைப்பை வளையம் வளையமாக எடுத்துக்கொண்டு கையாலேயே திருத்தித் திருத்தி விடை காணும் முறையைத் தந்தார். 1987இல் டோடினி, பிலாத்தி என்ற ஆய்வாளர்கள் எல்லாச் சந்திப்புகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கும் முறையை முன்வைத்தார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக லூயிஸ் ராஸ்மன் எழுதி 1993இல் வெளிவந்த ஈபிஏநெட் மென்பொருள் இந்த முறையில்தான் ஓடுகிறது. அது இலவசம், அதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அதிக விலைக்கு விற்கும் மென்பொருள்களில் வரைபட வசதியும் தரவு நிர்வாகமும் நன்றாக இருக்கும். ஆனால் அடியில் நடக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

ஆகவே கணக்கில் சந்தேகம் வேண்டாம். கணக்குக்குள் போகும் எண்களில் சந்தேகம் வேண்டும். குழாயின் உள்விட்டம், அதன் வயது, உட்சுவரின் சொரசொரப்பு, ஒவ்வொரு இடத்தின் தரை உயரம், எந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, எந்தத் தெருவில் எத்தனை பேர் எந்த நேரத்தில் நீர் பிடிக்கிறார்கள் என்பவையெல்லாம் யாரோ ஒருவருடைய ஊகமாகவோ பழைய வரைபடத்திலிருந்து எடுத்த எண்ணாகவோதான் உள்ளே போகின்றன. மண்ணுக்குள் கிடக்கும் குழாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆவணத்தில் 150 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் இரும்புக் குழாய், உள்ளே துருவும் படிவும் ஏறி 130 ஆகச் சுருங்கியிருக்கலாம். 20 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் குழாயில் அழுத்த இழப்பைக் கணக்கிடும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தில் அந்த இழப்பு விட்டத்தின் 4.87ஆம் படிக்குத் தலைகீழாக மாறுகிறது. அதே அளவு நீர் ஓட, அந்தக் குழாயில் அழுத்த இழப்பு இரண்டு மடங்காகிவிடும்.

'நாங்கள் காலிப்ரேஷன் செய்துவிட்டோம்', அதாவது களத்தில் அளந்ததோடு பொருந்தும்படி மாதிரியின் எண்களைச் சரிசெய்துவிட்டோம், என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். அங்கேயும் நிறுத்திவிடாதீர்கள். எப்போது, எந்த ஓட்டத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல அறிக்கைகள் நேர்மையாகவே தவறிப்போவது இங்கேதான்.

300 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 20 லிட்டர் ஓடுகிறது. சொரசொரப்பு எண் C (குழாய் வழவழப்பாக இருந்தால் கூடும், சொரசொரப்பானால் குறையும்) 130 என்று வைத்தால் அழுத்த இழப்பு, நீரின் உயரமாகச் சொன்னால், சுமார் 0.33 மீட்டர். குழாய் பழசாகி C 100 ஆகியிருந்தால் 0.53 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 20 சென்டிமீட்டர். இப்போது 10 பார் வரை காட்டும் சாதாரண அழுத்தமானியை அங்கே பொருத்துகிறீர்கள். முழு அளவில் 1 விழுக்காடு பிழை என்றாலே அது 1 மீட்டர் நீருக்குச் சமம். அதாவது நீங்கள் தேடும் வித்தியாசம், தேடும் கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. C 130, 100, 85 என்று எதைப் போட்டாலும் மாதிரி களத்தோடு 'பொருந்தும்'. அறிக்கையில் அழகான ஒப்பீட்டு வரைபடம் வரும். ஆனால் குழாயைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அதே குழாயில் விநாடிக்கு 80 லிட்டர் ஓடும்படி செய்யுங்கள். இப்போது C 130க்கு இழப்பு 4.2 மீட்டர், C 100க்கு 6.9 மீட்டர். வித்தியாசம் இரண்டரை மீட்டரைத் தாண்டுகிறது. சாதாரண அழுத்தமானிக்கே அது தெரியும். அதனால்தான் தீயணைப்புக்கு நீர் எடுக்கும் தெருக்குழாய்களான ஹைட்ரண்டுகளைத் திறந்துவிட்டு, வலையமைப்பைச் சிரமப்படுத்தி, அந்த நேரத்தில் பல இடங்களில் அழுத்தம் அளக்க வேண்டும் என்று சொல்கிறோம். ஹைட்ரண்டு இல்லாத இடத்தில், குழாயிலிருந்து நீரை வெளியேற்றும் கழிவு வால்வைத் திறக்கலாம். ஒரு தெருவில் சில மணி நேரம் நீர் கலங்கி வரும், புகார் வரும், முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லையைத் தவிர்த்துவிட்டு நள்ளிரவு அமைதியில் எடுத்த அழுத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு 'சரிபார்க்கப்பட்ட மாதிரி' என்று சொல்வதை நீங்கள் ஏற்கக் கூடாது.

தரை உயரமும் இப்படித்தான். உயரத்தில் 1 மீட்டர் பிழை என்றால் அழுத்தத்திலும் 1 மீட்டர் பிழை. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் பல மீட்டர் பிழை சர்வசாதாரணம். கட்டடக் கூரையையும் மரத்தின் உச்சியையும் தரை என்று அது எடுத்துக்கொள்ளும். அழுத்தம் அளந்த ஒவ்வொரு இடத்துக்கும் சர்வே கருவி வைத்து மட்டம் எடுத்தார்களா என்பது நீங்கள் ஒரே நிமிடத்தில் கேட்டு முடிக்கக்கூடிய கேள்வி.

அடுத்து வால்வுகள். மாதிரியில் எல்லா வால்வும் முழுதாகத் திறந்திருக்கும். களத்தில் அப்படி இருப்பது அபூர்வம். எப்போதோ ஒரு உடைப்பைச் சரிசெய்ய மூடி, திரும்பத் திறக்கும்போது பாதியில் இறுகிப்போன வால்வு அப்படியே கிடக்கும். மேலே தார் போட்டு மூடியிருப்பார்கள். அந்தப் பக்கம் அழுத்தம் குறைவாக வருகிறது என்று அளவீடு காட்டும். மாதிரி தயாரிப்பவர் என்ன செய்வார்? பொருந்தும்வரை அந்தக் குழாய்களின் C எண்ணைக் குறைத்துக்கொண்டே போவார். 100, 80, 60, கடைசியில் 40. எண்கள் பொருந்திவிடும். அந்த மாதிரியை நம்பி, 'குழாய் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும்' என்று ஒரு திட்டம் உங்களிடம் வரும். சாலையைத் தோண்டிப் புதுக் குழாய் போடுவார்கள். பாதி மூடிய வால்வு இன்னும் அங்கேயே இருக்கும், அழுத்தம் ஏறாது. ஒரு பிழையை இன்னொரு பிழையால் ஈடுகட்டிய மாதிரி, நடந்ததற்குச் சரியாகவும் நடக்கப்போவதற்குத் தவறாகவும் விடை தரும். அறிக்கையின் பின்னிணைப்பில் C எண்களின் பட்டியல் இருக்கும். அதில் 50க்குக் கீழே எது இருந்தாலும் ஆள் அனுப்பி வால்வைத் தேடச் சொல்லுங்கள்.

கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இழப்பு நீர் மொத்தம் எவ்வளவு என்று ஒரு விழுக்காடு எடுத்துக்கொண்டு, அதை எல்லாச் சந்திப்புகளுக்கும் பங்கு போட்டு, வீட்டுத் தேவையோடு சேர்த்துவிடுவது பரவலான வழக்கம். அப்படிச் சேர்த்தால் இரவில் வீட்டுத் தேவை குறையும்போது மாதிரியில் கசிவும் சேர்ந்து குறையும். உண்மையில் நடப்பது நேர் எதிர். இரவில் யாரும் நீர் எடுக்காததால் அழுத்தம் ஏறும், கசிவும் ஏறும். விடியற்காலை 2 முதல் 4 மணிக்குள் ஒரு பகுதிக்குள் போகும் ஓட்டத்தை அளந்தாலே கசிவு எவ்வளவு என்று ஓரளவு பிடிபட்டுவிடும். அழுத்தத்தைச் சார்ந்து மாறும் கசிவைத் தனியாக வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அழுத்தத்தைக் குறைத்துக் கசிவைக் கட்டுப்படுத்தும் திட்டம் என்றால் இந்தக் கேள்வி இல்லாமல் அதை மதிப்பிடவே முடியாது.

விட்டு விட்டு நீர் வரும் வலையமைப்புகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழைய முறை மாதிரிகள், கேட்ட நீர் கிடைத்தே தீரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். அழுத்தம் போதாவிட்டால் எதிர்ம அழுத்தம் காட்டி, ஓர் எச்சரிக்கை வரியைப் பதிவுசெய்துவிட்டு மேலே போகும். அந்த எச்சரிக்கை வரிகள் அறிக்கையில் வருவதில்லை. 2020இல் வந்த ஈபிஏநெட் 2.2இல், இருக்கும் அழுத்தத்துக்கு ஏற்பத்தான் நீர் கிடைக்கும் என்று கணக்கிடும் வசதி சேர்ந்தது. அப்போதும்கூட, காலியாகக் கிடக்கும் குழாய் மெல்ல நிரம்பி, காற்று வெளியேறி, கடைசி வீட்டுக்கு நீர் எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அது காட்டாது. எல்லாக் குழாய்களும் எப்போதும் நிரம்பியே இருப்பதாகத்தான் அதன் கணக்கு. குழாய் நிரம்பும் கட்டத்தைப் பார்க்க, மழைநீருக்காக எழுதிய மென்பொருளைக் குடிநீருக்குப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. தினமும் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் அமைப்புக்கு 24 மணி நேர மாதிரியைப் போட்டு, 'கடைக்கோடிக்கும் போதிய அழுத்தம்' என்று எழுதி வந்தால், அது இல்லாத ஓர் அமைப்பைப் பற்றிய அறிக்கை.

பம்ப் திடீரென நின்றால் எழும் நீர்த்தாக்கு பற்றி இந்த மாதிரிகள் எதுவும் சொல்லாது. இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென்று நின்றால் எழும் அழுத்தம் சுமார் 100 மீட்டர் நீருக்குச் சமம் என்ற அளவை 1898இலேயே ரஷ்ய அறிஞர் ஜூக்கோவ்ஸ்கி வகுத்துவிட்டார். நீண்ட ஏற்றுக்குழாய் உள்ள திட்டம் என்றால் அதற்குத் தனி ஆய்வு கேளுங்கள்; அவ்வளவுதான்.

மாதிரியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல மாதிரியால் என்ன முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிடியன் என்று ஒரு சிற்றூர். சுமார் 1,100 பேர். 1993 நவம்பரில் நீரில் சுவையும் வாடையும் சரியில்லை என்று புகார் வந்ததால் எல்லா ஹைட்ரண்டுகளையும் திறந்து குழாய்களைக் கழுவினார்கள். அங்கே நீரில் குளோரின் சேர்க்கும் வழக்கம் அப்போது இல்லை. சில நாட்களில் சால்மொனெல்லா நோய் பரவியது. 600க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள்; ஏழு பேர் இறந்தார்கள். விசாரித்தவர்கள் ஊரின் வலையமைப்பை ஈபிஏநெட்டில் கட்டி, குழாய்களைக் கழுவிய நாளின் ஓட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பறவைகள் நுழையக்கூடிய நிலையில் இருந்த நீர்த்தொட்டியிலிருந்து கலப்பு எந்தப் பக்கம் பரவியிருக்கும் என்பதும், நோய் எங்கெங்கே வந்தது என்பதும் ஒத்துப்போயின. கழுவும்போது தொட்டியின் அடியில் கிடந்த நீர் இழுபட்டு வெளியே வந்திருக்கிறது. எந்த ஹைட்ரண்டை எப்போது திறந்தால் எந்தத் தொட்டியிலிருந்து நீர் வரும் என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ளும் ஆற்றல் மாதிரிக்கு உண்டு. அதற்கு அது ஊரின் உண்மையான குழாய்களையும் வால்வுகளையும் தொட்டிகளையும் காட்ட வேண்டும். மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட கருவி என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மழைநீருக்கு வருகிறேன். குடிநீர்க் குழாயிலாவது தினமும் நீர் ஓடுகிறது, வேண்டும்போது அளக்கலாம். வடிகால் வேலை செய்வது ஆண்டில் சில நாட்கள். அந்த நாட்களில் அளக்காவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை வாய்ப்பில்லை. ஆகவே இங்கே சரிபார்க்காத மாதிரிகள் இன்னும் அதிகம்.

பரவலாகப் பயன்படும் மென்பொருள் ஸ்விம் என்று பொறியாளர்கள் அழைக்கும் எஸ்டபிள்யூஎம்எம். இதுவும் ஈபிஏநெட்டை வெளியிட்ட அதே அமெரிக்க முகமையுடையது. முதலில் வந்தது 1971இல், இன்றைய ஐந்தாம் பதிப்பின் தொடக்கம் 2004இல். இதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஒரு மேன்ஹோல் நிரம்பி நீர் மேலே வந்தால், வழக்கமான அமைப்பில் அந்த நீரை மென்பொருள் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். 'இந்த இடத்தில் இவ்வளவு வெள்ளம்' என்று ஓர் அட்டவணையில் பதிவாகும். ஆனால் அந்த நீர் தெருவில் ஓடி அடுத்த தாழ்வான இடத்துக்குப் போகாது, கீழ்நிலை வடிகாலுக்கும் திரும்பாது. மேல்பகுதியில் வடிகால் குறுகலாக இருந்தால், மாதிரியில் கீழ்ப்பகுதி பாதுகாப்பாகத் தெரிவது இதனால்தான். மேல்பகுதி வடிகாலை மட்டும் அகலப்படுத்திப் பாருங்கள், வெள்ளம் அப்படியே கீழே இறங்கி வரும். நீர் தேங்கி மீண்டும் இறங்கும் வசதியைச் செயல்படுத்தினார்களா, தெருவையே ஓர் ஓடையாக வைத்து இரட்டை அமைப்பாகக் கட்டினார்களா என்று கேளுங்கள். கூடவே, மென்பொருள் அச்சிடும் நீர்க்கணக்குப் பிழை எத்தனை விழுக்காடு என்றும் கேளுங்கள். உள்ளே போன நீரும் வெளியே வந்த நீரும் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த முடிவுகளைச் சந்தேகிக்க வேண்டும் என்று பயனர் கையேடே சொல்கிறது.

இன்னொன்று, நீர் வடிகாலுக்குள் இறங்குவது. மாதிரியில் ஒரு பகுதியில் பெய்த மழை நேராக மேன்ஹோலுக்குள் போய்விடும். தெருவில் அது ஓரத்துக் கம்பிச் சட்டத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். சட்டம் இலைதழையாலும் பாலித்தீனாலும் அடைத்திருந்தால், சாலையை உயர்த்திப் போட்டதில் வாய் மூடிப்போயிருந்தால், கீழே பெரிய வடிகால் காலியாகக் கிடக்கும், மேலே முழங்கால் அளவு நீர் நிற்கும். வடிகாலை இன்னும் பெரிதாக்கும் திட்டத்துக்கு நீங்கள் கையெழுத்திடுவீர்கள். பெரிதாக்கியும் நீர் நிற்கும். மழையின்போது மேன்ஹோலைத் திறந்து உள்ளே நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்த ஒரு புகைப்படம், நூறு பக்க அறிக்கையைவிட இந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லும்.

வெளியேறும் முனையும் அப்படியே. வடிகால் ஆற்றிலோ கடலிலோ ஏரியிலோ சேரும் இடத்தில் 'தடையற்ற வெளியேற்றம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் மாதிரி சிரமமில்லாமல் ஓடும். ஆனால் பெருமழை நாளில்தான் ஆறும் நிரம்பி ஓடும். கடலில் ஓதம் ஏறும் நேரமும் அதோடு சேரலாம். வெளியில் நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயரமாக இருந்தால் நீர் வெளியேறாது, சில நேரம் உள்ளே திரும்பும். வெளிமட்டத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியில் பல மாதிரிகளின் நிறம் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிவிடும்.

வண்டலும் உண்டு. ஒன்றரை மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள செவ்வக வடிகாலில் அரை மீட்டர் வண்டல் படிந்தால், கால்வாயில் ஓட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி அது கடத்தக்கூடிய நீரில் 40 விழுக்காடு போய்விடும். மூன்றில் ஒரு பங்கு ஆழம் போனதற்கு ஐந்தில் இரண்டு பங்கு ஓட்டம் போகிறது. மாதிரியில் வடிகால் எப்போதும் கட்டி முடித்த அன்று இருந்ததுபோலவே சுத்தமாக இருக்கும். தூர்வாருவதற்கு முன் உள்ள நிலைக்கு ஒருமுறை, பின் உள்ள நிலைக்கு ஒருமுறை மாதிரியை ஓட்டி, இரண்டு விடையையும் கேட்டு வாங்குங்கள். புதிதாகக் கட்ட வேண்டுமா, இருப்பதைத் தூர்வாரினால் போதுமா என்பது அப்போதுதான் தெரியும்.

மழைத் தரவிலும் கேட்க வேண்டியது இருக்கிறது. 1851இல் அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி வகுத்த எளிய சூத்திரம் இன்றும் சிறு வடிகால்களுக்குப் பயன்படுகிறது: பரப்பு, மழைச் செறிவு, வழிந்தோடும் விகிதம் மூன்றையும் பெருக்கு. இதில் செறிவு என்பது அந்தப் பரப்பிலிருந்து நீர் வந்துசேரும் நேரத்துக்கான செறிவு. நகரத்தின் சிறு பகுதிக்கு அது 10, 20 நிமிடமாக இருக்கும். நாள் மொத்தம் மட்டுமே உள்ள தரவை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரு நாளில் 120 மில்லிமீட்டர் என்றால் சராசரி மணிக்கு 5 மில்லிமீட்டர். ஆனால் அதில் 80 ஒரே மணி நேரத்தில் கொட்டியிருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மழைமானி எங்கே இருக்கிறது, அதன் தரவு எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அதில் தங்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 விழுக்காடு கூடும். பல பத்தாண்டுகளுக்கு முன் நின்றுபோன தரவில் வரைந்த மழைச் செறிவு வளைகோட்டைக் கொண்டு அடுத்த ஐம்பது ஆண்டுக்கான வடிகாலைக் கட்டுவது சரியில்லை.

அதோடு, 'பத்தாண்டு மழைக்கு வடிவமைத்தது' என்று மக்களிடம் சொல்லும்போது அதன் பொருளையும் சொல்லுங்கள். அது ஒவ்வோர் ஆண்டும் பத்து விழுக்காடு வாய்ப்புள்ள மழை. பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது அதைத் தாண்டும் மழை பெய்ய 65 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் ஆண்டே தெருவில் நீர் நிற்கும்போது பொறியாளர் பொய் சொன்னதாகத்தான் மக்கள் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

'அளக்க நேரமில்லை, நிதி ஒதுக்கீடு இந்த ஆண்டோடு காலாவதியாகிவிடும்' என்ற பதில் எனக்குப் பழக்கமானது. உங்களுக்கு மேலிருந்து வரும் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆனால் அழுத்தத்தைத் தானே பதிவுசெய்யும் சில கருவிகளைச் சில வாரம் பொருத்தி வைப்பதும், இரண்டு மூன்று இரவு ஹைட்ரண்டு திறந்து அளப்பதும், குழாய் வாங்கிப் புதைக்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. வடிகாலுக்கு ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். இப்போதே நீர்மட்டக் கருவிகளைப் பொருத்திவிட்டால், அடுத்த ஆண்டு வரும் திட்டத்துக்காவது தரவு இருக்கும். புதிய குடியிருப்புப் பகுதிக்கு அளக்க எதுவும் இல்லையே என்பார்கள். சரி, அங்கே பழைய வலையமைப்போடு இணையும் இடத்தில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளக்கட்டும். உள்ளே C எண்ணை 100, 140 என்று மாற்றியும் தேவையைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, ஒரே எண்ணுக்குப் பதிலாக ஓர் எல்லையைத் தரட்டும். 'இந்தச் சந்திப்பில் அழுத்தம் 17.42 மீட்டர்' என்பதைவிட '14 முதல் 19 வரை' என்பது நேர்மையான விடை. உங்கள் முடிவுக்கும் அதுதான் உதவும்.

அப்புறம், மாதிரி யாருடைய சொத்து? திட்டம் முடிந்ததும் உங்களிடம் எஞ்சுவது அச்சடித்த அறிக்கை. உள்ளீட்டுக் கோப்பு ஆலோசனை நிறுவனத்தின் கணினியில் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு நிறுவனம் வரும், மறுபடி முதலிலிருந்து கட்டும், அதே பழைய ஊகங்களை மறுபடி எழுதும். ஈபிஏநெட், ஸ்விம் இரண்டின் உள்ளீட்டுக் கோப்பும் சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். வணிக மென்பொருளில் கட்டியிருந்தாலும் பெரும்பாலும் அந்த வடிவத்தில் எடுத்துத் தர முடியும். அதை வாங்கி வையுங்கள். கூடவே அளவீட்டின் மூலத் தரவு, எந்த நாள், எந்த நேரம், எந்த வால்வு எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பு எல்லாவற்றையும் வாங்குங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் என்ற கடற்படைவீரர் தளத்தில் 1950கள் முதல் 1980கள் வரை குடிநீரில் நச்சு ரசாயனங்கள் கலந்திருந்தன. யார் எவ்வளவு காலம் எவ்வளவு குடித்தார்கள் என்று பின்னாளில் கண்டறிய, நிலத்தடி நீரோட்டத்தின் கணினி மாதிரிகளோடு ஈபிஏநெட்டையும் கொண்டு பழைய வலையமைப்பை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. பல ஆண்டு உழைப்பு. எந்தக் கிணறு எந்த மாதம் ஓடியது போன்ற பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இன்று நீங்கள் பாதுகாக்கும் ஒரு கோப்பு, நாற்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவருக்கு நியாயம் கிடைக்கக் காரணமாகலாம்.

ஆகவே அடுத்த ஒப்பந்த ஆவணத்தில் சில வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். களத்தில் அளந்த இடங்களின் பட்டியலும், ஒவ்வோர் இடத்திலும் மாதிரிக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடும் தர வேண்டும். சராசரியை மட்டும் தராமல், மிக மோசமாகப் பொருந்தாத இடம் எது, ஏன் என்று எழுத வேண்டும். சரிசெய்யப் பயன்படுத்திய அளவீடு ஒரு நாளுடையது என்றால், சோதித்துப் பார்த்த அளவீடு வேறு நாளுடையதாக இருக்க வேண்டும். மென்பொருள் தந்த எச்சரிக்கைகள் முழுதாகப் பின்னிணைப்பில் வர வேண்டும். உள்ளீட்டுக் கோப்பு நகரத்துக்கே சொந்தம். களப்பணிக்கான தொகையைத் தனி இனமாகக் காட்டுங்கள். அதை மொத்தத் தொகைக்குள் புதைத்தால், குறைந்த விலைக்கு ஏலம் கேட்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான். அளக்க விரும்பும் நிறுவனங்கள் ஒப்பந்தம் கிடைக்காமல் போவதும் அப்படித்தான்.

உங்கள் அலுவலகத்திலேயே ஒருவரையாவது இந்த மாதிரியை ஓட்டத் தெரிந்தவராக வைத்திருங்கள். புதுக் குழாய் போட்டால், வால்வு மாற்றினால், அவர் அந்த வாரமே கோப்பில் ஏற்ற வேண்டும். இடமாற்றத்தில் அவர் போகும்போது அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. பரிசீலனைக் கூட்டத்துக்கு வால்வு திறந்து மூடும் ஊழியர்களையும், மழை நாளில் அடைப்பு எடுக்கும் ஊழியர்களையும் அழையுங்கள். வரைபடத்தை அவர்கள் முன் விரித்து வைத்து, எந்த வால்வு திரும்புவதில்லை, எந்தக் குழாய் வரைபடத்தில் இருந்தும் மண்ணில் இல்லை, எந்தத் தெருமுனையில் முதலில் நீர் ஏறுகிறது, அது வடிய எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி, மாதிரி அதையெல்லாம் காட்டுகிறதா என்று ஆலோசனை நிறுவனத்திடம் அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். காட்டாத ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விளக்கம் வந்த பிறகு கோப்பை மறுபடி உங்கள் மேசைக்கு வரச் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
குழாய் வலையமைப்பு மாதிரிகள் தயாரிக்கும் பொறியாளர் ஒருவர்